பெட்டி கம்முனு இருக்கட்டும்

நான் பெரிய கெட்டிக்காரன் என்று எனக்கு நானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டு திரிந்த காலம் அது. ரொம்ப நாளாகிவிடவில்லை, போன வருஷம்தான். ஏற்காட்டில் உட்கார்ந்தபடியே வெளியூர்க்காரர்களுக்கு வலைத்தளம் செய்துகொடுப்பது என் பிழைப்பு. ஒருநாள் இங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார். கம்ப்யூட்டர் பாடத்துக்கு டீச்சர் எடுக்கப் போகிறார்களாம். வருகிறவர்கள் பிரவுசரிலேயே புரோகிராம் எழுதி, அங்கேயே ஓட்டிக் காட்ட வேண்டும். அதற்கு ஒரு வலைப்பக்கம் செய்து தர முடியுமா என்றார்.

"இதெல்லாம் ஒரு வேலையாங்க மேடம்?" என்றேன்.

மனுப் போட்டிருந்த நாலு பேரில் ஒருவர் என் அண்ணி. ஏற்காட்டை ஒட்டிய வெள்ளக்கடை ஊரில் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். பி.சி.ஏ. முடித்தவர், கல்யாணமாகி எட்டு வருஷம் வீட்டோடு கிடந்துவிட்டார். இந்த வேலையை விட்டால் மலையில் அவர் படிப்புக்கு வேறு வேலை கிடையாது. சேலத்துக்குத் தினமும் போய்வரலாமே என்று கேட்காதீர்கள். மூன்றாவது கொண்டை ஊசி வளைவிலேயே கண்டக்டரிடம் பை கேட்கிற உடம்பு அவருக்கு. உறவு விஷயத்தை முதலிலேயே தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டேன். "கேள்வி எங்கிட்ட இருக்கும். நீங்க பெட்டியை மட்டும் பாருங்க தம்பி" என்று அவர் பேச்சை முடித்துவிட்டார்.

பெட்டி என்று அவர் சொன்னது கோட் எடிட்டரை. புரோகிராம் எழுதுகிற கட்டம். யாரோ புண்ணியவான்கள் செய்து வைத்திருப்பது ஆயத்தமாகவே கிடைக்கிறது, எடுத்து நம் பக்கத்தில் பொருத்திக்கொள்ள வேண்டியதுதான். பொருத்திவிட்டுப் பெருமையாகத் தலைமையாசிரியையிடம் திறந்து காட்டினேன். பக்கம் வெறிச்சென்று இருந்தது. "பெட்டி எங்கீங்க தம்பி?" என்றார். இருந்தது, உயரம் மட்டும் பூஜ்யம். உயரம் இத்தனை என்று நான் சொல்லாததால் அது தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. அங்கேயே உட்கார்ந்து சரிசெய்தேன். அந்த அவமானத்தைத் துடைக்கத்தான், அந்த எடிட்டரில் இருந்த அத்தனை வித்தைகளையும் முடுக்கிவிட்டேன். இரண்டு எழுத்து அடித்தால் மீதியைத் தானே சொல்லும். அடைப்புக்குறியைத் திறந்தால் தானே மூடும். அடுத்த வரிக்குப் போனால் எத்தனை இடம் தள்ளித் தொடங்க வேண்டுமோ அத்தனை இடம் தானே தள்ளும். வலது ஓரத்தில் முழு புரோகிராமின் குட்டிப் படம் வேறு. பத்து வரி புரோகிராமுக்குக் குட்டிப் படம் எதற்கு என்று கேட்க அங்கே ஆளில்லை.

அண்ணி அந்தப் பெட்டியைப் பற்றி என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஏனுங்க தம்பி, அது வெறும் பேப்பராட்டம் இருக்குமுங்களா?"

"பேப்பரா? நீங்க வேற அண்ணி. பாதி அதுவே எழுதிக் குடுத்துருமுங்க."

"நான் எழுதறத நானே எழுதிக்கிறேனுங்க. அது கம்முனு இருந்தாப் போதும்."

சிரித்தேன். எட்டு வருஷம் விட்டுப்போனவருக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்று நினைத்தேன். நினைத்தது மட்டுமில்லை, அண்ணனிடம் சொல்லியும் சிரித்தேன்.

தேர்வு அன்று, ஏதாவது நின்றுபோனால் பார்க்க என்று என்னைக் கடைசி வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். மற்ற மூன்று பேரும் திரையைப் பார்ப்பதும் விசையைத் தேடுவதுமாக இருந்தார்கள். என் பெட்டி சொல் எடுத்துக் கொடுக்கக் கொடுக்க அவர்கள் முகம் மலர்ந்தது. அண்ணி பாதி நேரம் விசைப்பலகையைத் தொடவே இல்லை. முழு புரோகிராமையும் தாளில் பென்சிலால் எழுதினார். பிறகு தாளை இடது பக்கம் சாய்த்து வைத்து அடிக்கத் தொடங்கினார். அடேயப்பா, என்ன வேகம்!

அண்ணி டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ். அங்கே பழக்கிய பழக்கம், கண் தாளை விட்டு நகரக்கூடாது. விசையையும் பார்க்க மாட்டார், அடித்ததையும் பார்க்க மாட்டார். பெருமையோடு எட்டி அவர் திரையைப் பார்த்தேன்.

அடுத்த வரி நாலு இடம் தள்ளித் தொடங்க வேண்டுமென்றால் அண்ணி ஒழுங்காக நாலு முறை ஸ்பேஸ் தட்டினார். ஆனால் அதற்கு முன்பே என் பெட்டி நாலு இடம் தள்ளி வைத்திருந்தது. ஆக எட்டு. அடுத்த வரி பன்னிரண்டு. அதற்கடுத்தது பதினாறு. அந்தக் கணினி மொழியில் இடம் பிசகினாலே புரோகிராம் ஓடாது. வரி முடிந்ததென்று அவர் என்டர் தட்டினால், தான் சொன்ன சொல்லுக்குச் சம்மதம் கிடைத்ததாக எடுத்துக்கொண்டு பெட்டி வேறொரு சொல்லைச் செருகியது. புரோகிராம் படிக்கட்டு மாதிரி வலது பக்கமாக இறங்கிப் போய்க்கொண்டே இருந்தது. தேர்வில் நான் வாயைத் திறக்கக்கூடாது. அந்தக் குட்டிப் படத்தில்கூட படிக்கட்டு அழகாகத் தெரிந்தது.

ஓட்டினார். திரை முழுக்கச் சிவப்பில் பிழைச் செய்தி. அப்போதுதான் அண்ணி நிமிர்ந்து பார்த்தார். திரையை ஒரு பார்வை, பிறகு என்னை. தலைமையாசிரியை அருகில் வந்தார்.

"இதென்னங்க தம்பி, இப்படிப் போகுது?"

"நெட் சரியில்லீங்க மேடம். பனி மூட்டம்…"

அவர் ஜன்னலைப் பார்த்தார். வெளியே பளீரென்று வெயில். ஏரியில் படகு விடுகிறவர்களின் சட்டை நிறம்கூடத் தெரிந்தது.

அண்ணி பென்சில் தாளை மேஜைமேல் நகர்த்தி வைத்தார், அவ்வளவுதான். படித்தேன். ஒரு பிழை இல்லை. எனக்கு அவமானமாக இருந்தது. எட்டு வருஷத்துக்கப்புறம் ஒரு மனுஷி எழுந்து வந்திருக்கிறாள், நான் அவள் காலை வாரிவிட்டு வானத்தின் மேல் பழி போடுகிறேன்.

"தப்பு என்னோடதுங்க மேடம். அவங்க எழுதினது சரி. என் பெட்டிதான் குறுக்க பூந்து கெடுத்துருச்சு."

"அவங்க உங்க அண்ணி. நீங்க சொல்றத நான் எப்படி நம்பறது?" நியாயமான கேள்வி. கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே சொன்னார். "வித்தையெல்லாம் நிறுத்துங்க. இந்தத் தாள்ல இருக்கறத ஒரு எழுத்து மாறாம மறுபடி அடிக்கட்டும். தாளை நான் வெச்சுப் பாத்துக்கறேன்."

எடிட்டரின் அமைப்பில் நாலைந்து வரி மாற்றினேன், பெட்டி வாயை மூடிக்கொண்டது. தாள் அவர் கையில். அண்ணிக்குப் பார்க்கத் தாள் இல்லை. அதனாலெல்லாம் அவர் திரையைப் பார்த்துவிடவில்லை. தலைமையாசிரியையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே முழு புரோகிராமையும் அடித்து, ஓட்டினார். விடை வந்து நின்றது. தலைமையாசிரியை தாளை இரண்டு முறை சரிபார்த்தார். பிறகு என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப் போவதில்லை.

வேலை அண்ணிக்குக் கிடைத்தது. கூடவே எனக்கு ஒரு மேலதிகாரியும் கிடைத்தார். பள்ளிக்கூடத்தின் வலைப்பக்கத்தில் நான் எதை மாற்றினாலும் கம்ப்யூட்டர் டீச்சர் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். மானிட்டரை அணைத்துவிட்டு அடித்துப் பார்ப்பார், அப்புறம் போட்டுப் பார்ப்பார். இதுவரை ஏழு முறை திருப்பி அனுப்பியிருக்கிறார்.

அவர் சேர்ந்து முதல் ஞாயிறு, மதியச் சாப்பாடு. மோர்க்குழம்பு மணத்தது, தொட்டுக்கொள்ளப் பாகற்காய்ப் பொரியல். பாகற்காய் என்றால் எனக்கு ஆகாது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"அண்ணி, இன்னும் கொஞ்சம்…" என்று தட்டை நீட்டினேன்.

கரண்டி நிறையப் பாகற்காய் வந்து விழுந்தது.

"பாகக்காய்னுதானுங்க சொல்ல வந்தீங்க? பாதி நானே முடிச்சுக் குடுத்துட்டேன், சாப்பிடுங்க தம்பி."

அண்ணனுக்குப் புரையேறியது. நான் ஒரு துண்டு விடாமல் தின்றேன்.