ரேடியோ அக்காவின் உள்ளங்கை

ஆம்புலன்ஸ் அழைப்பு அறையில் அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் ரேடியோ அக்கா. வாயை மூடவே மாட்டாள். பயிற்சிக் காலத்தில், கூப்பிடுகிறவர்களிடம் என்ன சொல்ல வேண்டும் என்று வரிசையாக எழுதிய அட்டைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தும் ஒன்றும் மண்டையில் ஏறாமல், கடைசியில் கழிப்பறைக்குள் போய் உரக்கச் சொல்லிச் சொல்லித்தான் பாஸானாள். காதில் விழுந்தால் அவளுக்குப் போதும். உலகத்தில் எல்லாருக்கும் அப்படித்தான் என்று முடிவுகட்டிவிட்டாள். ஒருவருக்குப் புரியவில்லையா, அதையே இன்னும் சத்தமாகச் சொல்வாள். பக்கத்து நாற்காலியிலிருந்து வண்டி அனுப்புகிறவன் நான். அவளுக்கு வரும் அழைப்பெல்லாம் என் காதிலும் ஓடும். என் காது பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அன்று மத்தியானம் ஓர் ஆள் கூப்பிட்டார். டிவி பார்த்துக்கொண்டிருந்த அப்பா நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டார், மூச்சில்லை. வீட்டில் வேறு யாரும் இல்லை. நான் வண்டியைக் கிளப்பினேன். பாலத்தில் நெரிசல், எப்படியும் பத்து நிமிஷம் ஆகும். அதுவரை யாராவது நெஞ்சை அமுக்காவிட்டால் பெரியவர் தங்க மாட்டார்.

"தம்பி, போனை ஸ்பீக்கர்ல போட்டுக் கீழ வைங்க. அப்பாவத் தரையில மல்லாக்கப் படுக்க வைங்க. நெஞ்சுக்கு நடுவுல உள்ளங்கைய வைங்க. அது மேல இன்னொரு கை. முழங்கை மடங்கக் கூடாது..."

"சரிங்க. சரிங்க."

தரதரவென்று எதையோ இழுத்த சத்தம் கேட்டது. அதற்குமேல் ஓர் அசைவும் இல்லை. அக்கா திரும்பச் சொன்னாள். அப்புறம் சத்தமாகச் சொன்னாள்.

"கத்தாதீங்கக்கா! கேக்குது, ஆனா ஒண்ணும் ஏறல. அப்பா மூஞ்சி நீலமாயிட்டு வருது!"

அக்கா வாயடைத்துப்போனாள். இத்தனை வருஷத்தில் அவள் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. போச்சு, பெரியவர் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். அவள் கை மெல்லத் தன் நெஞ்சுக்குப் போனது.

"தம்பி, உங்க நெஞ்சத் தொட்டுப் பாருங்க. நடுவுல கெட்டியா ஒரு எலும்பு தட்டுப்படுதா?"

"ஆமா."

"அதே கைய எடுத்து, அப்பாவுக்கு அதே இடத்துல வைங்க."

துணி உரசியது. "வச்சுட்டேன்."

"அது மேல இன்னொரு கை. இனிமே நான் பேச மாட்டேன், மேஜையத் தட்டுவேன். ஒரு தட்டுக்கு ஒரு அமுக்கு. நல்லா ஆழமா."

டப், டப், டப் என்று ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் அந்த ஆளின் முக்கல் தட்டோடு தட்டாகச் சேர்ந்து வந்தது. எனக்குப் போன உயிர் பாதி திரும்பியது.

அதற்குள் மேலாளர் ஓடிவந்தார். அட்டையில் இருப்பதுதான் அவருக்கு வேதவாக்கு.

"என்னம்மா கூத்து இது? அட்டையப் படிங்க! ஏதாவது ஆச்சுன்னா உங்க வேலைக்கு நான் பொறுப்பில்ல."

"சார், நீங்க வாயத் திறந்தா அந்தாளு கை நின்னுடும்," என்று சீறினேன். வந்த ஆத்திரத்தில் அவரைத் தள்ளிவிட்டிருப்பேன். நல்லவேளை, மனுஷன் கம்மென்று நின்றார்.

வண்டி இன்னும் பாலத்திலேயே இருந்தது. அக்காவின் உள்ளங்கை சிவந்து வீங்கியது. தாளம் தப்பாமல் கையை மாற்றினாள். அந்தப் பக்கம் முக்கல் அழுகையாகிக்கொண்டிருந்தது, ஆனாலும் நிற்கவில்லை. ஒருவழியாகக் கதவு தடாலென்று திறக்கும் சத்தமும், எங்கள் ஆட்களின் குரலும் கேட்டன. ஒருவர் போனை எடுத்தார்.

"மேடம், பெரியவர் கண்ணத் தொறந்துட்டாரு. மகன் கையப் புடிச்சுத் தள்ளறாரு. இவரு விட மாட்டேங்கறாரு, நாங்க சொல்றது எதுவும் காதுல விழல. முதல்ல நீங்க தட்டறத நிறுத்துங்க!"

அக்காவுக்குத் தைரியம் வரவில்லை. தான் நிறுத்தினால் அங்கே எல்லாமே நின்றுவிடுமோ என்ற பயம் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. இன்னும் இரண்டு தட்டு தட்டினாள். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அக்கா? ஏங்க்கா நிறுத்திட்டீங்க?" அந்த ஆள் அலறினார்.

"போதும்பா," என்றாள். "இனிமே அப்பா நெஞ்சே தட்டிக்கும்."