யூரியாவில் குளிர்ந்த சோடா

அத்தையைப் பெண் பார்க்கக் கோயமுத்தூரிலிருந்து ஆட்கள் வந்தது நல்ல சித்திரை வெயிலில். கிணத்துக்கடவில் அப்போது ஐஸ் கிடைக்காது. டவுன்காரர்களுக்குச் சூடான சோடாவையா நீட்டுவது என்று அம்மா கவலைப்பட்டாள். கல்லூரியில் வேதியியல் படித்துக்கொண்டிருந்த சித்தப்பா சொன்னார்: "ஐஸ் எதுக்குங்க அண்ணி? யூரியா இருக்குதுங்களே!"

யூரியா எங்கள் பக்கம் புதிது. பருத்திக்காக அப்பா சொசைட்டியில் காத்துக்கிடந்து வாங்கிய ஒரே மூட்டை அது. விருந்தாளிகளை அழைத்துவர அவர் வண்டி கட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனதும், சித்தப்பா பாதி மூட்டையை அண்டாத் தண்ணீரில் கொட்டிக் கலக்கினார். கையை விட்டுப் பார்த்தேன். விரல்கள் விறைத்தன.

"தண்ணிச் சூடு எங்கீங்க சித்தப்பா போச்சு?"

"யூரியா கரையறதுக்குச் சூடு வேணும் கண்ணு. தண்ணிகிட்ட இருந்து புடுங்கிக்குது. தண்ணி பாட்டில்கிட்டப் புடுங்கிக்கும்."

சோடா பாட்டில்களை வரிசையாக உள்ளே இறக்கினோம். அத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. காலையிலிருந்தே முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். "வாரவங்களுக்குப் பச்சத்தண்ணி போதும்" என்றாள்.

பஸ் வரவில்லை. வெயில் ஏற ஏற அண்டாத் தண்ணீர் பழையபடி வெதுவெதுப்பானது. சித்தப்பா மீதி மூட்டையைப் பார்த்தார், அப்பாவை நினைத்துக்கொண்டார், மூட்டையின் வாயை முறுக்கி வைத்துவிட்டார்.

ஒருவழியாக வாசலில் வண்டி வந்து நின்றது. அத்தையும் நானும் ஜன்னல் வழியாகப் பார்த்தோம். கடைசியாக இறங்கிய மாப்பிள்ளை கன்றுக்குட்டியின் கயிறு தடுக்கி விழப்போனார். சமாளித்து நின்றவர், கன்றின் கழுத்தைத் தடவி, "வலிக்குதா சாமி?" என்று கேட்டார். சட்டை முழுக்க வியர்வை.

அத்தை சிரித்துவிட்டாள். அடுத்த நிமிடம் புறக்கடைக்கு ஓடி, மீதி மூட்டையையும் அண்டாவில் கவிழ்த்தாள். "கலக்குங்ணா!" என்று சித்தப்பாவை அதட்டிவிட்டு, தானும் முழங்கை வரை கையை விட்டுக் கலக்கினாள்.

விருந்தாளிகள் கைகால் கழுவி உட்கார்வதற்குள் பாட்டில்கள் ஜில்லென்று ஆகியிருந்தன. கழுவித் துடைத்து எடுத்துப் போனோம். வெறும் சாக்கைக் கண்ட அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு, "ஏன்டா, என்ற பருத்திக்கு என்னத்தைப் போடறது?" என்றார்.

"அண்டாத் தண்ணியவே பாய்ச்சற தண்ணில கலந்து உட்டரலாமுங்ணா. சத்து எங்கீயும் போகாதுங்க."

அப்பா அண்டாத் தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு தனக்கும் ஒரு சோடா கேட்டார்.

அத்தையின் கையைப் பிடித்தேன், ஐஸாக இருந்தது. கன்னத்தைத் தொட்டேன், கொதித்தது. பயந்துபோய் நேரே கூடத்துக்கு ஓடினேன். "எங்க அத்தைக்குக் காய்ச்சலுங்க! மூஞ்சி கொதிக்குதுங்க!" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

பெரியவர்கள் ஏன் அப்படிச் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. மாப்பிள்ளை மட்டும் சிரிக்காமல் தலையைக் குனிந்துகொண்டார். காதுவரை சிவந்திருந்தார். ஐயோ, வந்த இடத்தில் இவருக்கும் காய்ச்சல் ஒட்டிக்கொண்டதே என்று எனக்குப் பாவமாக இருந்தது.