நான்காவது கொத்து

நாயைக் கட்டிப்போட்டால்தான் உட்காருவேன் என்று நான் சொன்னதும் நீங்கள் சிரித்தீர்கள். வேட்டைக்குப் போன மனுஷனுக்கு வீட்டு நாயிடம் பயமா என்றீர்கள். கடிக்கும் என்ற பயம் இல்லை. அதைச் சொல்ல வேண்டுமென்றால் பழைய கதை ஒன்றைச் சொல்ல வேண்டும், நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் காபியைக் குடித்துவிட்டு வேறு பேசலாம்.

முதலில் ஒன்று. பேய், பிசாசு, காத்து, கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். எங்கள் ஊரில் ஒருத்தன் முனி அடித்து வாயில் நுரை தள்ளிக் கிடந்தபோது, முனியும் இல்லை சனியும் இல்லை, நேற்றுக் குடித்த சாராயம் என்று அவன் பெண்டாட்டி முன்னாலேயே சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவன். அந்த வாய்தான் இதையும் சொல்கிறது.

எங்கள் ஊர் பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகிற ரோட்டை விட்டு இறங்கி உள்ளே மூன்று மைல். மாதா கோவிலைச் சுற்றி நாற்பது வீடு, கேழ்வரகும் துவரையும் நிலக்கடலையும் விளையும் மேட்டு நிலம், அதை ஒட்டிக் காடு. நான் சொல்வது அறுபதுகளின் கடைசி. வேட்டையாடுவது தப்பு என்று அப்போதும் சட்டம் இருந்திருக்கும், எங்கள் ஊருக்கு அது நடந்து வந்து சேரவில்லை.

காட்டுக்கு இரண்டு கட்சி. ஒன்று என்னைப் போலத் துப்பாக்கிக்காரர்கள். பன்றி விரட்டுவதற்கென்று லைசென்ஸ் வாங்கிய நாட்டுத் துப்பாக்கியை வைத்துக்கொண்டு சுனை ஓரம் மானுக்காக உட்காருகிறவர்கள். இன்னொன்று நாய்க்காரர்கள். நாலைந்து வேட்டை நாயை அவிழ்த்துவிட்டுக் காட்டையே இரண்டாக்குகிறவர்கள். நாங்கள் இருமலைக்கூட விழுங்கிக்கொண்டு அரை நாள் புதருக்குள் உட்கார்ந்திருப்போம், மான் தண்ணீரில் வாய் வைக்கப்போகும், அந்த நேரம் பார்த்து எங்கிருந்தோ லொள் லொள் என்று வரும். போச்சு. அடிபட்ட மானை நாய் பிடித்துக் கொடுத்தால் நாய்ப் பங்கு கொடு என்று வேறு கேட்பார்கள். நாய்க்கு எதற்கடா பங்கு, எலும்பு போடுகிறோம் என்போம். இப்படியே முற்றி ஒரு வருஷம் இரண்டு நாய் குண்டடிபட்டுச் செத்தது, பதிலுக்கு ஒருத்தன் வைக்கோல் போர் எரிந்தது. ஒருத்தன், தன் நாயைச் சுட்டவன் மச்சான் என்று தெரிந்ததும் பெண்டாட்டியைக் கைக்குழந்தையோடு அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டான். அவள் திரும்பி வரவே இல்லை.

அதற்கப்புறம்தான் ஊர் கூடி ஒரு கட்டுப்பாடு வைத்தார்கள். காட்டு வழி இரண்டாகப் பிரிகிற இடத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கல் உண்டு. நாயோடு உள்ளே போகிறவன் ஒரு நாய்க்கு ஒரு புங்கங்கொத்து என்று ஒடித்து அந்தக் கல் மேல் வைத்துவிட்டுப் போக வேண்டும். திரும்பும்போது வந்த நாய்களின் கொத்தை எடுத்து எறிந்துவிட வேண்டும். கல் மேல் பச்சை இருந்தால் துப்பாக்கி உள்ளே போகக்கூடாது, அவ்வளவுதான். இரண்டு வருஷம் ஒரு சண்டை இல்லை.

என் தங்கச்சி மரியபுஷ்பத்தை நாய்க்காரன் சவரிமுத்துவுக்குத்தான் கொடுத்திருந்தோம். உள்ளூர் சம்பந்தம். அவனிடம் நாலு நாய். அதில் கரியன் என்று ஒரு கருப்பு நாய், அது குரைக்காது. மற்ற மூன்றும் கத்திக்கொண்டு ஓடினால் இது சத்தமில்லாமல் சுற்றிப் போய் மானின் பின்னங்காலைக் கவ்விக்கொண்டு நிற்கும். சவரிமுத்து வந்து முதுகில் தட்டி, "போதும்டா, வுடு" என்று சொல்கிற வரைக்கும் விடாது. பன்றி இடித்து ஒரு கோரைப்பல் போனதால் அது கடித்த இடத்தில் நாலு ஓட்டைக்குப் பதில் மூன்று ஓட்டைதான் விழும். பொக்கை வாயன் என்று நானே கேலி செய்வேன். தங்கச்சி வீட்டுக்குப் போனால் என் காலடியில்தான் படுக்கும்.

மாசி மாசம் கோவில் திருவிழா வந்தது. வீடு நிறைய விருந்தாளி வரப்போகிறார்கள், மூன்று நாளாக ஒரு மானும் கிடைக்கவில்லை. நாலாம் நாள் போனால் கல் மேல் நாலு கொத்து. சவரிமுத்துவுடையதுதான். அப்போதே நான் திரும்பியிருக்க வேண்டும். நாய்ச் சத்தம் தூரத்தில், அடுத்த சரிவில் கேட்டது. அங்கேதானே இருக்கிறார்கள், நான் இந்தப் பக்கச் சுனைக்குப் போனால் என்ன என்று போய்விட்டேன். புத்தி எங்கே போனதோ.

வெயில் சாயும் நேரம் புதருக்குப் பின்னால் ஒரு கொம்பு மான் தெரிந்தது. ஒரே இடத்தில் நின்று உதறிக்கொண்டிருந்தது. ஈ மொய்க்கிறது என்று நினைத்தேன், சுட்டேன், விழுந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் அதன் பின்னங்காலைக் கவ்வியபடி கரியன் கிடக்கிறான். ஒரு ஈயக்குண்டு அவன் நெஞ்சில். என்னை அடையாளம் தெரிந்து வாலை ஒரு தரம் ஆட்டினான். அவ்வளவுதான். கத்திப் பிடியை விட்டு நெம்பித்தான் அந்த வாயைத் திறக்க முடிந்தது, இதைச் சொல்லும்போதும் எனக்குக் கை கூசுகிறது.

அப்போது எனக்கு நாய் கண்ணில் தெரியவில்லை, தங்கச்சிதான் தெரிந்தாள். அவளுக்கு ஏழாம் மாசம். மூட்டை முடிச்சோடு எங்கள் வாசலில் வந்து நிற்கிற மாதிரியே தெரிந்தது. பள்ளம் தோண்டிக் கரியனைப் போட்டுக் கல் அடுக்கினேன். கறியைச் சுமந்துகொண்டு வேறு வழியாக ஊருக்கு வந்தேன். சந்தேகம் வரக்கூடாது என்று தங்கச்சிக்கு ஒரு தொடையும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"அண்ணா, கரியன் இன்னும் வூட்டுக்கு வரலை. அவரு வெளக்கு எடுத்துக்கினு தேடப் போயிருக்காரு" என்றாள்.

"வந்துடும் புள்ள, எங்க போவப்போவுது" என்றேன். என் வாயா அது என்று எனக்கே இருந்தது.

சவரிமுத்து என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அதற்குப்பின் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் கல் மேல் ஒரே ஒரு கொத்து இருந்தது. புங்கந்தழை ஒடித்தால் ஒரு பகலில் துவண்டுவிடும். இது துவளவில்லை. ஒரு வாரம், பத்து நாள், ஒரு மாசம், எப்போது பார்த்தாலும் இப்போதுதான் ஒடித்த மாதிரி பளபளவென்று இருக்கும். பாவி, நாய் வரும் வரும் என்று தினம் புதுக் கொத்து வைக்கிறானே என்று நினைத்துக்கொள்வேன். தொலைந்துபோன நாயின் கொத்து என்று ஊருக்கே தெரியும், அதனால் மற்றத் துப்பாக்கிகள் அதைப் பொருட்படுத்தாமல் போய்வந்தன. எனக்குத்தான் அந்தக் கல்லைத் தாண்ட முடியவில்லை.

எத்தனை நாள் போகாமல் இருப்பது? ஈஸ்டருக்கு உப்புக்கண்டம் போட வேண்டும், துப்பாக்கி என்ன அடுப்பு ஊதவா என்று வீட்டில் கேட்க ஆரம்பித்துவிட்டாள். போகாவிட்டாலும் சந்தேகம் வருமே என்று ஒரு நாள் கொத்தைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன். பங்குனி வெயிலில் வேறு சுனை எல்லாம் வற்றிவிட்டது. அதே சுனைதான். கரியனைப் புதைத்த இடம் கல்லெறி தூரம்.

ராத்திரியாக இருந்தாலாவது கண் ஏமாற்றியது என்று சொல்லலாம். சாயந்திரம் நாலு மணி, வெயில் சுள்ளென்று அடிக்கிறது. எதிர்ப் புதரிலிருந்து ஒரு கொம்பு மான் வந்தது. எப்படி வந்தது தெரியுமா? பின்பக்கமாக நடந்து வந்தது. தலையைக் குனிந்து, கொம்பை முன்னால் நீட்டி, எதையோ தள்ளிவைக்கிற மாதிரி. நாய் மடக்கினால் மான் அப்படித்தான் செய்யும். ஆனால் அதன் முன்னால் ஒன்றுமில்லை. வெறும் மண். அது சுழல்கிறது, கொம்பால் காற்றைக் குத்துகிறது, புழுதி பறக்கிறது. அதன் மூச்சு மட்டும்தான் சத்தம். திடீரென்று அதன் வலது பின்னங்கால் விறைத்துப் பின்னால் நீண்டது. இழுக்கிறது, வரவில்லை. கட்டிப்போட்ட ஆடு மாதிரி மூன்று காலில் நின்று நடுங்குகிறது. அந்தக் காலில் ரத்தம் மெல்ல இறங்கியது. நான் பத்து முழ தூரத்தில் இருக்கிறேன். ஓட்டையை எண்ணினேன். மூன்று.

துப்பாக்கி மடியில் மருந்து கெட்டித்துத் தயாராக இருக்கிறது. தூக்கக் கை வரவில்லை. மங்கள வார்த்தை ஜெபம் சொல்லப் பார்த்தேன், முதல் வரிக்கு மேல் நாக்கு புரளவில்லை. எவ்வளவு நேரமோ தெரியாது, மானும் நின்றது நானும் உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான் ஒன்று உறைத்தது. ஆள் வந்து சொல்லாமல் அது விடாது. இங்கே இருக்கிற ஆள் நான் ஒருத்தன்தான். எனக்காகத்தான் பிடித்து வைத்திருக்கிறது.

எப்படிச் சொன்னேனோ, எனக்கே கேட்காத குரலில் சொன்னேன்.

"போதும்டா, வுடு."

கால் தொப்பென்று விழுந்தது. மான் முட்டி போட்டு எழுந்து நொண்டிக்கொண்டே ஓடிவிட்டது.

அதோடு முடிந்திருந்தால் எப்படியோ மறந்திருப்பேன். மான் நின்ற இடத்திலிருந்து சருகு நொறுங்க ஆரம்பித்தது. சரக், சரக், சரக். அவசரமே இல்லாத நடை. என்னை நோக்கி வந்தது. என் வலது முழங்கால் பக்கத்தில் வந்து நின்றுவிட்டது. தொங்கிக்கொண்டிருந்த கை மேல் சூடாக மூச்சு பட்டது, நனைந்த நாயின் வாடை அடித்தது. நான் பார்க்கவில்லை. பார்க்கிற தைரியம் எவனுக்கு வரும்? எதற்குக் காத்திருக்கிறது என்று மட்டும் தெரிந்தது. பங்குக்கு. துணியில் கட்டியிருந்த களி உருண்டையை அப்படியே கீழே வைத்துவிட்டு, துப்பாக்கியையும் போட்டுவிட்டு, நாற்பது வயசு மனுஷன் சின்னப் பையன் மாதிரி அழுதுகொண்டே ஓடி வந்தேன்.

ராத்திரி முழுக்கக் காய்ச்சல். விடிந்ததும் சவரிமுத்து வந்தான், கையில் என் துப்பாக்கி.

"மச்சான், சுனைகிட்ட வுட்டுட்டு வந்துட்டீங்க" என்று சுவரில் சாய்த்து வைத்தான்.

அவன் முகத்தைப் பார்த்ததும் என்னால் தாங்க முடியவில்லை. தங்கச்சி கதி என்ன ஆனாலும் ஆகட்டும் என்று சொல்லிவிட்டேன். "மாப்ள, கரியன நான்தான் சுட்டுட்டேன். கொத்து இருக்கறதப் பாத்துட்டே உள்ள போனேன்."

அவன் துப்பாக்கிப் பிடியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டான். அப்புறம், "தெரியுமுங்க" என்றான்.

"எப்புடி?"

"நீங்க குடுத்துட்டுப் போன தொடைக்குக் கீழ மூணு பல்லுக் குறி இருந்துச்சு. அன்னிக்கு ராத்திரியே தெரியும். அவகிட்ட சொல்லலீங்க. சொன்னா புருசன் பக்கம் நிப்பாளா, அண்ணன் பக்கம் நிப்பாளா? வயித்துல வேற புள்ள. அந்தக் கறிய மட்டும் என்னால தின்ன முடியல, எடுத்துக்கினு போயி பொதச்சிட்டேன்."

நான் அவன் காலில் விழாத குறை. அவன் என் தோளைப் பிடித்து உட்காரவைத்தான். எனக்கு அப்படியொரு நிம்மதி, இவ்வளவு நாள் சுமந்த கல் இறங்கிவிட்டது என்று நினைத்தேன். அவன் வாசல் வரைக்கும் போய்த் திரும்பினான்.

"ஒண்ணே ஒண்ணு மச்சான். அந்தக் கொத்த இனிமே வெக்காதீங்க. அந்தப் பக்கம் போனா என்னால பாக்க முடியல."

"நானா? நீங்கதான மாப்ள தெனமும் வெக்கறீங்க?"

அவன் முகம் செத்துப்போயிற்று. "மறுநா காலையிலயே கரியன் கொத்த எடுத்து எறிஞ்சிட்டேனுங்க. அப்புறம் நீங்கதான் மனசு கேக்காம வெச்சிக்கினு இருக்கீங்கன்னு நெனச்சேன்."

இரண்டு பேரும் அப்போதே சேர்ந்து போனோம். இருந்தது. நாலு இலை, காம்பில் பால் மாதிரி ஈரம். அவன் தொடவில்லை, நானும் தொடவில்லை. திரும்பி வந்துவிட்டோம். தங்கச்சிக்கு இன்றுவரை எதுவும் தெரியாது, பெண் குழந்தை பிறந்து, அதற்கும் கல்யாணமாகி எல்லாம் ஆயிற்று. எழுபதுகளில் சட்டம் இறுகியதும் நான் துப்பாக்கியை ஒப்படைத்தேன், அவன் நாய்களைக் கொடுத்துவிட்டான். அந்தக் கல்லையும் ரோடு போடுகிறேன் என்று உடைத்து ஜல்லியாக்கிவிட்டார்கள். சனியன் தொலைந்தது என்றுதான் இருந்தேன்.

ஆனால் அந்தச் சாயந்திரம் நான் ஒரு தப்புச் செய்துவிட்டேன் என்று நினைக்கிறேன். "போதும்டா, வுடு" என்பது அதன் சொந்தக்காரன் சொல்லவேண்டிய வார்த்தை. நான் சொன்னேன், அதுவும் கேட்டுக்கொண்டது. அன்றையிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் அங்கே இருக்கிற நாய் என்னைப் பார்த்துக் குரைப்பதில்லை, என்னிடம் வருவதும் இல்லை. நான் வலது கையைத் தொங்கவிட்டு உட்காருவதில்லை, கவனித்தீர்களா, மடியில்தான் வைத்திருக்கிறேன்.

உங்கள் நாயைத் திரும்பிப் பாருங்கள். நான் வந்து ஒரு மணி நேரம் ஆகிறது, ஒரு தரமாவது என் முகத்தைப் பார்த்ததா? அது பார்ப்பதெல்லாம் என் வலது முழங்காலுக்குப் பக்கத்தில் இருக்கிற காலி இடத்தை. அதைப் பார்த்துத்தான் வாலை ஆட்டிக்கொண்டிருக்கிறது.