காய்ச்சி ஆற வைத்த போர் தண்ணீர்

தண்ணீர் பரிசோதிக்கிற வேலையில் பாதி நாள் பாட்டிலைப் பரிசோதிப்பதிலேயே போய்விடும். ஆரணியில் சின்னதாக ஒரு லேப் வைத்திருக்கிறேன். என்னைப் போலவே கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பிழைக்கிற உங்களுக்கு என் பாடு சொல்லாமலே புரியும்.

கடலைக்கு ஆகுமா?

கண்ணமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். கிணற்றுத் தண்ணீரில் உப்பு ஏறிவிட்டதா, கடலைக்குப் பாய்ச்சலாமா என்று தெரியணும். நல்ல கேள்விதான். கொண்டுவந்ததோ பூச்சி மருந்து டப்பாவில்! மூடியைத் திறந்ததும் எனக்குத் தலை சுற்றியது. "ஏங்க, இதுல நான் உப்பப் பாக்கறதா, மருந்தப் பாக்கறதா?" என்று கத்தியே விட்டேன். மனுஷர் அசரவில்லை.

"ஏழு வாட்டி கழுவிகினுதான் வந்தேம்மா. பயிருக்கும் இதே டப்பாதான், அது ஒருநாளும் உன்ன மாதிரி கத்தல."

கையெழுத்து

முரளி சாயப் பட்டறையில் வேலை செய்கிறவர். வீட்டு போர் தண்ணீர் என்று ஒரு பாட்டில் கொண்டுவந்து கொடுத்தார். வீட்டில் இரண்டு மாதப் பெண் குழந்தை. தாய்ப்பால் போதவில்லை, பவுடர் பால்தான். இதுவரை கேன் தண்ணீரில் கலக்கினார்கள். கேன்காரர் ஒரு நாள் வந்தால் இரண்டு நாள் வருவதில்லை. போர் தண்ணீரைக் காய்ச்சிக் கலக்கலாமா என்று கேட்டார்.

மறுநாள் காலை ரிசல்ட் வந்தது, அப்படி ஒரு சுத்தம். உப்பு இல்லை, நைட்ரேட் இல்லை. நம்ம ஊர் போரில் இவ்வளவு நல்ல தண்ணீரா என்று ஒரு நிமிஷம் மனசு இடித்தது. வெளியே ஆறு பேர் "ஜல்தி, ஜல்தி" என்று நின்றார்கள். கையெழுத்தைப் போட்டு முரளியிடம் நீட்டிவிட்டேன்.

"இனிமே கேன்காரன் கால்ல வுழ வேணாம் மேடம். வூட்ல கலாகிட்ட இப்பவே போன்ல சொல்லிடறேன்."

நுரை

மத்தியானமே முரளி திரும்பி வந்தார். முகம் சரியில்லை. பட்டு நூலை சோப்புத் தண்ணீரில் வேகவைத்துப் பசை எடுப்பது அவருக்குத் தினசரி வேலை. எந்தத் தண்ணீர் நுரைக்கும், எது நுரைக்காது என்பது அவருக்கு அத்துப்படி. "எங்க வூட்டுத் தண்ணியில சோப்பு தேஞ்சிதான் போவும், நுர வராது. நீங்க உப்பே இல்லன்னு எழுதிக்கீறீங்க. எப்படி மேடம்?" என்றார்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. என் மெஷினையே சந்தேகப்படுவதா? வாயைத் திறப்பதற்குள் புத்தி விழித்துக்கொண்டது. பாட்டிலில் தண்ணீர் பிடித்தது யார் என்று கேட்டேன். மனைவி கலாவாம். போன் போட்டார், எடுக்கவில்லை. லேபைப் பூட்டிவிட்டு அவர் வண்டியிலேயே ஏறிப் போனேன். வழியெல்லாம் கடவுளே, கடவுளே என்றுதான்.

கலா போர் தண்ணீரைக் காய்ச்சி, பால் பாட்டிலில் ஊற்றி ஆற வைத்திருந்தாள். பவுடர் இன்னும் போடவில்லை. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. மகராசி, நல்ல வேளை எழுந்திருக்கவில்லை! நான் பாட்டிலைப் பிடுங்கியதும் கலா மிரண்டுபோனாள். லேபுக்கு அவள் கொடுத்தனுப்பியது கேன் தண்ணீர்.

"நீங்க குடிச்சிப் பாப்பீங்கன்னு நெனச்சேங்க்கா. வெளி மனுசங்களுக்கு எங்க வூட்ல போர் தண்ணி குடுக்க மாட்டோம்."

இரண்டாவது ரிப்போர்ட்

நானே குழாயில் பிடித்துவந்து பார்த்தேன். நைட்ரேட் எங்கேயோ போய் நின்றது. போருக்குப் பக்கத்திலேயே செப்டிக் டேங்க். நைட்ரேட் காய்ச்சினால் போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கூடும். அது உள்ளே போனால் பச்சைக் குழந்தைக்கு ரத்தத்தில் பிராணவாயு சேராமல் உடம்பு நீலம் பாரித்துவிடும். உயிருக்கே ஆபத்து.

பழைய ரிப்போர்ட்டைக் கிழித்தேன். குழந்தைக்குக் கேன் தண்ணீர்தான் என்று கலாவிடம் சத்தியம் வாங்கினேன். முரளியை இரண்டு கையும் எடுத்துக் கும்பிட்டேன். வேறென்ன செய்ய, நீங்களே சொல்லுங்கள். அவர் கூச்சத்தில் நெளிந்தார்.

"எனுக்கு சோப்பு நுர ஒண்ணுதான் மேடம் தெரியும்."

கெமிஸ்ட்ரி படித்துவிட்டு நான் போட்ட கையெழுத்தை நம்பாத ஒரு மனுஷரால்தான் அந்தக் குழந்தையும் பிழைத்தது, நானும் பிழைத்தேன்.