சதய நட்சத்திரத்தில் ஒரு கோச்

எங்கள் ஊர் யுனிவர்சிட்டியின் கூடைப்பந்து அணி தோற்பதில் எந்த வழியையும் பாக்கி வைத்ததில்லை. முதல் ஐந்து நிமிஷத்திலேயே தோற்கும். கடைசி நொடி வரை ஜெயித்துக்கொண்டே இருந்துவிட்டும் தோற்கும். எனக்குப் பத்து வயதான அந்த வருஷம், பழைய கோச்சை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் புதிதாக ஒரு கோச்சையும், அவருக்குக் கீழே மூன்று உதவிக் கோச்சுகளையும் கொண்டுவந்தார்கள். எங்கள் பிஸ்கட்டவே ஊரிலேயே அதற்காக அதிகம் சந்தோஷப்பட்டவர் என் அப்பாவாகத்தான் இருக்க வேண்டும்.

அப்பா கோயம்புத்தூரில் படித்தபோது காலேஜ் டீமில் ஆடியவர். "ஆடினேன்னு சொல்லாதீங்க, பெஞ்ச்ல உக்காந்தேன்னு சொல்லுங்க" என்று அம்மா திருத்துவாள். பெஞ்சில் உட்கார்ந்தவனுக்குத்தான் கோச்சின் அருமை தெரியும் என்பார் அப்பா. புதுக் கோச்சுகள் நால்வர் படத்தையும் ஆபீசில் பிரின்ட் எடுத்து வந்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினார். உதவிக் கோச்சுகளில் ஒருவர் டிஃபென்ஸுக்கு, ஒருவர் ஷூட்டிங்குக்கு, மூன்றாமவர் நாடெல்லாம் சுற்றி நல்ல பையன்களைப் பிடித்து வருவதற்கு. காலையில் நான் சீரியல் சாப்பிடும்போது இவர்கள் ஜாதகத்தையே ஒப்பிக்க வேண்டும். "இந்த வருஷம் பாரு கண்ணு" என்பார். ஒவ்வொரு வருஷமும் சொல்வதுதான். ஆனால் இந்தத் தடவை குரலே வேறு மாதிரி இருந்தது. எனக்கும் அந்தப் பைத்தியம் தொற்றிக்கொண்டது.

அம்மாவின் ஆசை வேறு. மாமா குடும்பம் டெக்சாஸில், ரவுண்ட் ராக்கில் இருந்தது. அங்கே ஒரு கம்பெனியில் அப்பாவுக்கு இன்டர்வியூ வந்திருந்தது. கிடைத்துவிட்டால் மாமா வீட்டுக்கு நாலு தெரு தள்ளி ஒரு வீடு, வாசலில் வெயில், மாமியோடு சேர்ந்து கடைக்குப் போகலாம். இங்கே அம்மாவின் விசாவில் வேலை பார்க்க முடியாது. காரும் ஓட்டத் தெரியாது. தினமும் சாயங்காலம் போனில் மாமியிடம் அந்த ஊர் வீடுகளைப் பற்றியே பேசுவாள். எனக்கு டெக்சாஸ் வேண்டவே வேண்டாம். அப்பாவுக்கும் வேண்டாம். அவர் வாயைத் திறந்து சொல்லவில்லை, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை இன்டர்வியூ. ஞாயிற்றுக்கிழமை அம்மா கோயிலுக்குப் போகக் கூடாத நாளாகிவிட்டது. அப்பா பேருக்கு அர்ச்சனை பண்ண எங்கள் இருவரையும் பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயிலுக்குக் கிளப்பிவிட்டாள். "பேரு, நட்சத்திரம் எல்லாம் தெளிவா சொல்லுங்க. கூட்டத்துல முணுமுணுன்னு சொல்லாதீங்க" என்று காரின் கண்ணாடி வழியாகவும் ஒரு தடவை சொன்னாள்.

அப்பா தெளிவாகத்தான் சொன்னார். தேங்காய்த் தட்டைப் பட்டரிடம் நீட்டினார். யார் பேருக்கு அர்ச்சனை என்று கேட்டதும், புதிய கோச்சின் முழுப் பெயரையும் நிறுத்தி நிதானமாக உச்சரித்தார். நட்சத்திரம் சதயம். கோச்சின் பிறந்த தேதியைக் கண்டுபிடித்து, ஆபீசில் ஜாதகம் பார்க்கிற நண்பர் ஒருவரிடம் கொடுத்துக் கணித்து வாங்கியிருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பிறந்த நேரம் கிடைக்காததால் அவிட்டமாகவும் இருக்கலாம் என்று அந்த நண்பர் சந்தேகப்பட்டாராம்.

கோத்திரம் என்று கேட்டபோதுதான் அப்பா கொஞ்சம் தடுமாறினார். எங்கள் வீட்டிலேயே அது யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. யார் கேட்டாலும் சிவ கோத்திரம் என்றுவிடுவோம். அதையே கோச்சுக்கும் கொடுத்தார்.

பட்டர் அப்பாவை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார். "ஃபேமிலியா?" என்றார்.

"கிட்டத்தட்ட" என்றார் அப்பா.

அப்புறம் கோச்சின் பெயர் பட்டரின் வாயில் சமஸ்கிருதமாகிப் பெருமாளிடம் போய்ச் சேர்ந்தது. குடும்பத்தோடு என்று மந்திரத்திலேயே ஒரு வார்த்தை வருமாம். உதவிக் கோச்சுகள் மூன்று பேரும் அதற்குள் அடக்கம் என்று அப்பா என் காதில் சொன்னார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. திரும்பி வரும்போது காரில் கேட்டேன், "டாடி, யூ டிடின்ட் சே யுவர் நேம்." அப்பா ஃப்ரீவேயையே பார்த்துக்கொண்டு, "மறந்துட்டேன். அம்மாகிட்ட சொல்லிடாத" என்றார். இவ்வளவு பெரிய ரகசியம் அதுவரை என்னிடம் யாரும் தந்ததில்லை. வாரம் முழுக்கக் கால் தரையில் பாவவில்லை.

வெள்ளிக்கிழமை மெயில் வந்தது. வேலை இல்லை.

அம்மா அடுப்பு முன்னால் நின்றுகொண்டு, "அர்ச்சனை பண்ணியுமா?" என்று மட்டும் கேட்டாள். அப்பா ஃப்ரிட்ஜ் பக்கம் பார்க்காமல் இருக்க ரொம்பக் கஷ்டப்பட்டார். எனக்கு எல்லாம் பளிச்சென்று புரிந்துவிட்டது. யார் பேரைச் சொன்னோமோ அவருக்குத்தான் கிடைக்கும். அப்பா பேரைச் சொல்லவில்லை, வேலை கிடைக்கவில்லை. கோச் பேரைச் சொன்னோம், ஆகவே நாளைக்கு ஜெயிப்பது உறுதி. அன்று ராத்திரி சந்தோஷமாகத் தூங்கினேன்.

மறுநாள் மத்தியானம் சீசனின் முதல் ஆட்டம். அப்பா என்ன நினைத்தாரோ, அம்மாவிடமும் "வர்றியா?" என்று கேட்டார். இரண்டு மணி நேரம் ஒரு பந்துக்காக அடித்துக்கொள்வதை உட்கார்ந்து பார்ப்பவள் இல்லை அம்மா. அன்று கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். பார்க்கிங் லாட்டில் காரை நிறுத்தியதும், ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அப்பா எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். கோச் பெயர், சதயம், சிவ கோத்திரம், எதையும் விடவில்லை. 

 அம்மா கதவைத் திறந்துகொண்டே, "என் வேண்டுதலைத் தூக்கி அந்தாளுக்குக் குடுத்துட்டீங்க. இப்ப அவன் ஜெயிச்சே ஆகணும்" என்றாள்.

அன்று அம்மா கத்திய கத்தல் இப்போதும் என் காதில் இருக்கிறது. எந்தக் கூடை நம்முடையது என்று முதலில் என்னிடம் கேட்டாள். அதற்கப்புறம் யாரையும் எதுவும் கேட்கவில்லை. டிஃபென்ஸ் கோச் எழுந்து கையை ஆட்டினால் அம்மாவும் எழுந்து கையை ஆட்டினாள். எங்கள் பையன் ஒருவன் பந்தைக் கோட்டைவிட்டபோது, "டேய், உனக்காக என் வீட்டையே விட்டிருக்கேன்டா" என்று தமிழில் திட்டினாள். பக்கத்து சீட்டில் சிவப்பு ஸ்வெட்டர் போட்ட ஒரு வெள்ளைக்காரப் பாட்டி. இருபது வருஷமாக அதே சீட்டில் உட்கார்ந்து தோற்றுக்கொண்டிருப்பவர். அம்மா சொன்ன ஒவ்வொன்றுக்கும், புரிந்த மாதிரியே, "தட்ஸ் ரைட்" என்றார்.

கடைசியில் நான்கு நொடி. ஒரு பாயின்ட் பின்தங்கியிருந்தோம். கோச் டைம் அவுட் கேட்டுப் பையன்களை வளைத்து நிறுத்தி ஒரு பலகையில் என்னவோ வரைந்தார். அப்பா என் தோளை நசுக்கிவிட்டார். பந்து உள்ளே வந்தது, ஒரு கை, இன்னொரு கை, மூலையில் தனியாக நின்ற ஒல்லிப் பையன் எறிந்தான். வளையத்தில் ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே விழுந்தது.

எட்டாயிரம் பேர் ஒரேயடியாக எழுந்தால் எப்படியிருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார். சுற்றும்போதே பார்த்தேன், அந்தப் பாட்டி அம்மாவை இழுத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். அம்மா அவர் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். சுற்றியிருந்தவர்கள் கத்தி ஓய்ந்து, கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பத் தொடங்கிய பிறகும் அழுதாள். பாட்டியும் விடவில்லை, முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

திங்கட்கிழமை ஸ்கூலில் எல்லோரிடமும் சொன்னேன், எங்கள் டீமுக்கு என் அம்மாவைப் போல ஒரு ரசிகை கிடையாது, ஜெயித்ததற்கு எப்படி அழுதாள் தெரியுமா என்று. அப்பாவும் ஆபீசில் அதையேதான் சொல்லியிருக்கிறார். அந்த நாட்டுக்கு வந்த நான்கு வருஷத்தில், எங்கள் இரண்டு பேரைத் தவிர வேறு யாரும் அவளைத் தொட்டுக்கூடப் பேசியதில்லை. அதைப் புரிந்துகொள்கிற வயசு எனக்கு இல்லை. அப்பாவுக்கு இருந்தது.