ஹனியா கட்டு வைக்காத கதவு

என் தங்கை ஹனியா வென்றவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். சூம்பிப்போன இடது காலோடு, ஊன்றுகோல் இல்லாமல் நடந்தாள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காமலே அளவுநாடா பார்க்கக் கற்றாள். லிபியாவுக்குப் போன புருஷன் திரும்பவில்லை. மகள் ரீமைத் தனியாக வளர்த்தாள். துனிசியாவில், லிபிய எல்லையை ஒட்டிய எங்கள் ஊரான பென் கர்தானில், ஆண்களே நிற்கும் மெக்கானிக் தெருவில், தன் பெயரில் கடை வைத்தாள். அந்தக் கடையை, எல்லையில் சரக்குக் கடத்தும் நூரியின் கைக்குப் போகவிடாமல் காத்தாள். இதில் கடைசியைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் ஊர் வெயிலில் கார்க் கதவின் உள்பலகை நாலு கோடைக்குள் உப்பி உரிந்துவிடும். ஹனியா முதலில் செய்தது என் வாடகை வண்டிக்கு. பழைய அலமாரியின் முதுகுப் பலகையைப் பிரித்து, உரிந்த பலகையை அதன்மேல் வைத்துக் கோடிழுத்து அறுத்தாள். விளிம்பைத் தேய்த்து, பஞ்சு ஒட்டி, ரெக்ஸினை இழுத்து மடித்தாள். பொருத்துவதற்கு முன் பின்பக்கத்தில் ஒரு சிறு துணிக்கட்டைத் தைத்தாள். உள்ளே கண்ணேறு கழிக்கும் ஹர்மல் விதையும் உப்பும். நான் அதற்குப் பிறகு ஒரு விபத்தும் பார்க்கவில்லை. அதிலிருந்து ஹனியாவின் கட்டு இல்லாத வண்டியை எங்கள் ஓட்டுநர்கள் எல்லைப் பக்கம் கொண்டுபோவதில்லை.

நூரி ஒரு வெள்ளைக் காரைக் கொண்டுவந்து கடை வாசலை அடைத்து நிறுத்தினான்.

"ஹனியாக்கா, பின்கதவு ரெண்டும் போச்சு. புதுசாப் போட்டுக் குடு. ஆனா உள்ள நாலு விரல் இடம் விடணும். ஸ்குரூ வேணாம். கையால இழுத்தா கழண்டு வரணும்."

"கதவுக்குள்ள குடித்தனமா வைக்கப் போறே?"

நூரி சிரித்தான். எதிர் டீக்கடையில் யாரும் சிரிக்கவில்லை. எங்கள் ஊரில் எல்லை தாண்டிக் கடத்திவரும் பெட்ரோலை எவனும் ஒளிப்பதில்லை, அது சாலையோரத்திலேயே கேனில் நிற்கும். கதவுக்குள் போவது வேறு சரக்கு. பிடிபட்டால் பலகை செய்தவளும் சிறைக்குப் போவாள்.

"என்னால ஆகாது, நூரி."

"அவசரமில்லக்கா. வண்டி இங்கயே நிக்கட்டும். ரீம் பள்ளிக்கூடம் விட்டு இந்த வழியாத்தானே வர்றா?"

சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனான்.

கார் நின்றது. சில நேரம் அதற்குள் யாரோ உட்கார்ந்திருப்பார்கள், இஞ்சினைப் போடாமல். வாடிக்கையாளர்கள் தெருமுனையிலேயே திரும்பினார்கள். நான் அதை ஓட்டிக்கொண்டுபோய்த் தள்ளிவிடுகிறேன் என்றேன்.

"தொடாதே அண்ணே. திருடிட்டேன்னு சொல்லுவான்."

ஒரு காலையில் அவளே பின்கதவுகளைக் கழற்றி வேலையைத் தொடங்கினாள். அவன் கேட்டபடியே செய்கிறாள் என்று நினைத்தேன். முடிந்ததும் விரலால் தடவிப் பார்த்தேன். ஓர் இடுக்கு இல்லை. பலகையைக் கதவுத் தகரத்தோடு ஒட்டி, ஸ்குரூ போட்டு இறுக்கியிருந்தாள்.

நூரி வந்து தட்டிப் பார்த்தான். கெட்டியான சத்தம்.

"நாலு விரல் எங்கக்கா?"

"கதவு கேட்ட அளவு குடுத்துட்டேன்."

"பரவால்ல, வேற ஆளை வெச்சுப் பிரிச்சுக்கறேன். கட்டு வெச்சுட்டே இல்ல?"

ஹனியா டீக்கடைக்கே கேட்கும்படி சொன்னாள்: "வைக்கல. இந்த வண்டிக்கு என் கையால எப்பவும் வைக்க மாட்டேன்."

அங்கே இருந்த ஓட்டுநர்கள் கிளாஸைக் கீழே வைத்தார்கள். இந்தக் காரை ஓட்ட ஒப்புக்கொண்டிருந்த சாலிம் எழுந்தான்.

"எங்கம்மா மேல சத்தியமா நான் ஏற மாட்டேன், நூரி."

"டேய், விதைக்குப் பயந்தவனா நீ?"

"ஆமா. பயம் இல்லாதவன்னா நீயே ஓட்டிட்டுப் போ."

நூரியின் சிரிப்பு உதட்டில் அப்படியே இருந்தது. அவனும் ஏறவில்லை. அந்தக் கார்க் கதவை அவன் கை மறுபடி தொடவே இல்லை.

"அப்ப எவனாவது ஏறற வரைக்கும் இது இங்கயே நிக்கும்." என் பக்கம் திரும்பினான். "அண்ணே, தங்கச்சி கடையில பசை, பஞ்சு, எல்லாம் சட்டுனு பத்திக்கற சாமான். பாத்துக்கங்க."

ஹனியா கடையை இழுத்து மூடினாள். ரீமை என் மனைவியிடம் விட்டாள். சாவியைத் துணியில் சுருட்டிக்கொண்டு என் வண்டியில் காவல் நிலையத்துக்கு வந்தாள்.

நடந்ததையெல்லாம் எழுதிக்கொண்ட அதிகாரி பேனாவை மூடினார். "வண்டிய எடுத்துடுவோம். ஆனா புகார் உன் பேர்ல இருக்கும். இது நூரி காதுக்கும் போகும்மா."

"போகட்டும்."

மையைத் தடவி அவள் கட்டைவிரலைக் காகிதத்தில் அழுத்தினார். வெறும் கறுப்புத் திட்டு. துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினார். அதே திட்டு. பசையும் உப்புத்தாளும் ரேகையைத் தின்றிருந்தன.

"என்னம்மா, விரல்ல ஒண்ணையும் காணோமே?"

"எல்லாம் ஊர்க்காரன் கதவுல ஒட்டியிருக்கு, ஐயா. பேனாவைக் குடுங்க."

தன் கடைப் பலகையில் தன் பெயரின் அரபி எழுத்துகளை ரெக்ஸினில் வெட்டி ஒட்டியவள் அவள்தான். அதே வளைவுகளை, பேனாவை ஊசி போலப் பிடித்து, வலமிருந்து இடமாகப் போட்டாள். ஜன்னலுக்கு வெளியே நூரியின் ஆள் ஒருவன் என் வண்டிமேல் சாய்ந்து நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவளிடம் சொல்லவில்லை. கடைசிப் புள்ளியை வைக்கும்வரை அவள் தலை நிமிரவில்லை.

பெயருக்குக் கீழே அதிகாரி தேதி போட்டார்: 2018 அக்டோபர் 9, செவ்வாய்.