அருவிக்குள் நின்று ஏசியது

சாரல் காலத்தில் தென்காசியில் காகிதம்கூட நமத்துப்போகும். மை வில்லையை வெந்நீரில் கரைத்து, அதன் நெடி மூக்கில் ஏற ஏற, "கட்டைப் பேனா"வைத் தொட்டுத் தொட்டு நான் எழுதிக்கொண்டிருப்பேன். காகிதமோ ஈரத்தை இழுத்துக்கொண்டு நேற்றுப் பொரித்த அப்பளம்போலத் துவண்டு கிடக்கும், கொஞ்சம் அழுத்தினாலும் மை ஊறிப் பரந்துவிடும். அப்படிப்பட்ட காகிதத்திலும் என் கையெழுத்து அச்சுப் போட்டதுபோல நிற்கும். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. எனக்கு வந்த வினையே அந்தக் கையெழுத்துத்தான்.

இப்போதெல்லாம் பள்ளிக்கூடங்களில் என்னைப் பேசக் கூப்பிடுகிறார்கள். எழுத ஆசைப்படும் பிள்ளைகள் எழுந்து நின்று, உங்களை எழுதத் தூண்டியவர் யார் என்று தவறாமல் கேட்கிறார்கள். சென்னையிலிருந்து வந்த ஓர் எழுத்தாளர் சிறுவயதில் எனக்கு ஊக்கம் கொடுத்தார் என்று சொல்லி முடித்துவிடுவேன். கை தட்டுவார்கள். நான் சொன்னது பொய்யில்லை, ஆனால் பாதிதான் உண்மை. மீதிப் பாதி மைதீன்.

மைதீன் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன், தறி ஓடும் தெருவிலிருந்து வருகிறவன். உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. காகிதம் கிடைப்பதே பெரும்பாடு. ஜவுளிக்கடையில் வேலை பார்த்த என் சித்தப்பா, துணிக்கட்டுகளுக்குள் வரும் தாள்களை மடிப்பு நீக்கிக் கொண்டுவந்து தருவார். அவற்றைத் தைத்து நானும் மைதீனும் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். அதற்கு நான் வைத்த பெயரை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. பெயரைவிட அடைமொழிகள் நீளம். மைதீனின் எழுத்து கோழி கிளறிய குப்பைபோல இருக்குமாதலால், அவன் எழுதித் தருவதையும் நான்தான் அழகாகப் பிரதி எடுப்பேன். ஆகவே நானே ஆசிரியர் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

கையெழுத்துப் பத்திரிகை என்றால் ஒரே ஒரு பிரதிதான். அது வீடு வீடாகப் போய்வரும். படித்தவர்கள் எழுதுவதற்காகக் கடைசியில் சில பக்கங்களை "அபிப்பிராயம்" என்று தலைப்பிட்டு வெறுமனே விட்டிருப்போம். பத்திரிகை திரும்பி வந்ததும் நான் முதலில் புரட்டுவது அந்தப் பக்கங்களைத்தான். மைதீனின் கதை பிரமாதம் என்று எழுதியிருப்பார்கள். அதன் கீழே, கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று எழுதியிருப்பார்கள். என் கட்டுரைகளைப் பற்றி ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். "கணக்கு வரமாட்டேங்குது, கதை மட்டும் வருதோ ஒனக்கு?" என்று அப்பா ஏசும்போதுகூட எனக்கு இவ்வளவு வலித்ததில்லை. அப்பாவாவது எனக்குக் கதை வரும் என்று நம்பினாரே.

அந்த வருஷம் சாரலுக்குச் சென்னையிலிருந்து ஓர் எழுத்தாளர் குற்றாலத்துக்கு வந்து வீடு எடுத்துத் தங்கினார். பெரிய பத்திரிகை ஒன்றில் வாராவாரம் எழுதுகிறவர். எங்கள் ஊர் வாசகசாலையில் ஒரு நாள் மாலை பேசினார். எழுதுகிற பிள்ளைகள் இருந்தால் எழுதியதைக் கொண்டு வந்து காட்டுங்கள், நன்றாக இருந்தால் ஒன்றைக் கையோடு கொண்டுபோய் அச்சில் போடச் சொல்கிறேன் என்றார். அச்சில் என் பெயர்! அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. குற்றால அருவியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினேன். எனக்குத் தெரிந்த அத்தனை உவமைகளையும் அருவியின் தலையில் கொட்டினேன்.

மைதீன் இரண்டு பக்கம்தான் எழுதிக்கொண்டு வந்தான். தறியில் ஏற்றுமுன் நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, வெயிலில் காயவைப்பார்கள். அதற்குப் "பாவு" என்று பெயர். ஊரெல்லாம் எப்போது சாரல் விழும் என்று பார்த்திருக்க, விழுந்துவிடக் கூடாதே என்று வானத்தைப் பார்க்கும் ஒரு தெருவைப் பற்றி அவன் எழுதியிருந்தான். "பாவில் கஞ்சி காயவில்லை, அடுப்பில் கஞ்சி கொதிக்கவில்லை" என்று ஒரு வரி. அதைப் படித்தபோது என் வயிறு எரிந்ததை இன்றைக்கும் என்னால் தொட்டுக் காட்ட முடியும். என் பக்கத்தில் உட்கார்ந்து, என் மைக்கூட்டில் தொட்டு எழுதுகிறவனுக்கு இது எங்கிருந்து வந்தது?

பிரதி எடுக்கும்போது அதற்குக் கொஞ்சம் மெருகு கொடுத்தேன். ஆசிரியர் என்றால் மெருகு கொடுக்க வேண்டும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். "இயற்கை அன்னையின் இன்பத் தாலாட்டாம் இனிய சாரல்" என்று தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, முடிவில் கண்ணீர் ததும்ப ஒன்று. மைதீன் படித்துப் பார்த்துவிட்டு, "கையெழுத்து நல்லா இருக்குலே" என்று மட்டும் சொன்னான்.

பத்திரிகையை மெழுகுசீலையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு இருவரும் குற்றாலத்துக்கு நடந்தோம். எழுத்தாளர் குளித்துவிட்டு வந்து, தலையில் ஈரத் துண்டோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு மைதீன் எழுதியதை முதலில் படித்தார். படித்து முடித்து மறுபடியும் தொடக்கத்துக்குப் போனார். பிறகு காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, நான் சேர்த்த வாக்கியங்களை, அவற்றை மட்டும், ஒன்று விடாமல் அடித்தார். எல்லாம் ஒரே கையெழுத்து. அந்த மனிதருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

"இதை ரெண்டு பேர் எழுதியிருக்காங்க தம்பி. ஒருத்தர் பார்த்ததை எழுதியிருக்கார், இன்னொருத்தர் படிச்சதை எழுதியிருக்கார்" என்றார்.

மைதீன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "எல்லாம் நான் எழுதுனதுதான் சார்" என்றான். என்னைக் காப்பாற்றிவிட்டான். நன்றி வரவேண்டிய இடத்தில் எனக்குப் பொறாமைதான் இன்னொரு மடங்கு வந்தது. எழுத்தில்தான் முந்தினான் என்றால், பெருந்தன்மையிலும் முந்த வேண்டுமா?

அடுத்து என் அருவி. பென்சில் பக்கம் பக்கமாக ஓடியது. எல்லாவற்றையும் அடித்துவிட்டு ஓரிடத்தில் மட்டும் நின்றது. "எங்கள் சித்தப்பா வருஷத்துக்கு ஒருமுறை அருவிக்குள் நின்று தன் முதலாளியை வாய்நிறைய ஏசுவார்; அங்கே நின்று ஏசினால் பக்கத்தில் நிற்கிறவருக்கும் கேட்காது" என்று, உவமை எதுவும் கிடைக்காத நேரத்தில் போகிறபோக்கில் எழுதிய வரி அது. அவர் வாய்விட்டுச் சிரித்தார். அருவி எங்கேயும் போகாது, அதை விட்டுவிட்டு இந்தச் சித்தப்பாவை எழுதுங்கள், எழுதி எனக்கு அனுப்புங்கள் என்று முதுகில் தட்டினார். மைதீனுடைய பக்கங்களைப் பிரித்து எடுத்துத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டார். வாசல்வரை வந்து வழியனுப்பும்போது, என்னைப் பார்த்து, தம்பியோட கையெழுத்து ரொம்ப அழகு என்றார்.

நேரே பேரருவிக்குப் போனோம். தண்ணீர் முதுகில் அறைய, பாறையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். அப்போது சித்தப்பா நினைவுக்கு வந்தார். வாயைத் திறந்தேன். "ஏலே மைதீனு, ஒனக்கு மட்டும் எங்கனேருந்துலே வருது அந்த வரியெல்லாம்? நாசமாப் போ" என்று தொண்டை கிழியக் கத்தினேன். எனக்கே கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தால், அவன் வாயும் என்னைப் பார்த்துத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

வெளியே வந்து தலை துவட்டும்போது என்னலே சொன்னாய் என்று கேட்டேன். ஒன்றுமில்லையே, நீ என்ன சொன்னாய் என்றான். தண்ணீர் குளிர்கிறது என்று சொன்னதாகச் சொன்னேன்.

அவனுடைய பாவு அச்சில் வந்தது, அவன் பெயரோடு. வாசகசாலையில் அதை எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டும் வேலையையும் என்னிடமே கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து சித்தப்பாவை எழுதத் தொடங்கினேன். ஊக்கம் ஒரு பங்கு, வயிற்றெரிச்சல் பல பங்கு. எழுதி, கிழித்து, மறுபடி எழுதி, சென்னைக்கு அனுப்பி, திரும்பி வந்து, மறுபடி அனுப்பி, அடுத்த சாரலுக்கு அது அச்சேறியது. முதலாளி பார்த்துவிடுவாரோ என்று சித்தப்பா கொஞ்ச நாள் பயந்தார். முதலாளி துணிவிலை தவிர எதையும் படிக்கிறவர் அல்ல என்று பிறகு தேறிக்கொண்டார். அதன்பின் மைதீன் ஒரு கதை எழுதினால் நான் ஒன்று எழுதுவேன். அவன் பெயர் என் பெயரைவிடப் பெரிதாக வளர்ந்தது. நான் எழுதிய எல்லாவற்றுக்கும் பின்னால் அவன் எழுதிய ஏதோ ஒன்று இருக்கிறது.

நாங்கள் இருவரும் நரைத்த பிறகு, அவன் மகளின் நிக்காஹ் விருந்தில், பிரியாணித் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு அந்த அருவிப் பேச்சை எடுத்தேன். அன்றைக்கு என்னதான் கத்தினாய் என்று கேட்டேன். மைதீன் சிரித்தான்.

"ஒன் கையெழுத்தத்தாம்லே ஏசுனேன். நான் எழுதுனது என் கையெழுத்துல இருக்கப்போ எனக்கே பிடிக்காது. நீ எழுதிக் குடுத்த பொறவுதான் அது கதை மாதிரித் தெரியும். அந்தக் கை எனக்கில்லையேன்னு இருந்துச்சு."

பொறாமையைக்கூட என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டான்.

இப்போது பேரருவியில் இரும்புக் கம்பிகளும் போலீஸ்காரரின் விசிலும் வந்துவிட்டன. நின்று நிதானமாக ஒருவரை ஏச நேரம் தர மாட்டார்கள். அவன் தெருவில் பாவு இழுக்கிறவர்கள் இல்லை. ஒரே பிரதியாக வீடு வீடாகச் சுற்றிய பத்திரிகைகளும், படித்தவர் மனம்விட்டு எழுத வெறுமனே விட்ட பக்கங்களும் போயின. எங்கள் பத்திரிகையைக் கரையான் தின்றது. பிள்ளைகள் கேட்டால் இனி முழுவதையும் சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன்: தட்டிக்கொடுக்க ஒருவர் கிடைத்தால் நல்லது, அதோடு, உங்களைவிட நன்றாக எழுதுகிற ஒருவன் பக்கத்துத் தெருவில் இருக்கட்டும்.

மைதீன் போன வருஷம் காலமானான். வாரப் பத்திரிகை வந்ததும் அவன் பெயர் இருக்கிறதா என்று முதலில் தேடுவது என் நெடுநாள் பழக்கம். இல்லாத வாரங்களில் காலைக் காப்பி கூடுதலாக ருசிக்கும். இன்னமும் தேடுகிறேன். எந்த வாரமும் இல்லை. காப்பியை அப்படியே ஆறவிட்டு எழுந்துவிடுகிறேன்.